ஒரே ஃபிரெட்டில் ஏழு சுரமும் வருமா? 3 பெடல், 4 லீவர் மாணவர் பெடல் ஸ்டீல் கிட்டார்: ஸ்கேல் பயிற்சிக்காக ஒரு மதிப்பீடு

பெடல் ஸ்டீல் என்பது கால் பெடலாலும் முழங்கால் லீவராலும் கம்பிகளின் சுருதியை மாற்றி வாசிக்கும், கிடையாக வைத்த கிட்டார். அதை வாங்க வருகிறவர்களில் பெரும்பாலோர் ஏ, பி பெடல்களைச் சேர்த்து மிதித்து, மூன்று கம்பியை மீட்டி, அந்தக் குழைவில் மயங்கி அங்கேயே முடிவெடுத்துவிடுகிறார்கள். கார்டு (பல சுரம் சேர்ந்த ஒலி) வாசித்தால் சுமாரான கிட்டார்கூட அழகாகத்தான் கேட்கும். மூன்று கம்பி சேர்ந்து ஒலிக்கும்போது ஒன்று சற்றே இறங்கியிருப்பதைக் காது பொறுத்துக்கொள்ளும். அதே கிட்டாரில் பாரை (இடது கையால் கம்பிகளின்மேல் வைக்கும் உலோக உருளை) ஓர் ஃபிரெட்டில் (கம்பிகளுக்கு அடியில் குறித்த கோடு) வைத்து, நகர்த்தாமல், ஒவ்வொரு சுரமாக ஒரு மேஜர் ஸ்கேல் வாசித்துப் பாருங்கள். சேஞ்சரின் (கம்பிகளின் சுருதியை ஏற்றி இறக்கும் பொறி) தரம், கேபினெட்டின் (கிட்டாரின் உடல்) உறுதி, லீவர் வைத்திருக்கும் இடம் என எல்லாம் வெளியே வந்துவிடும். அதனால் இந்த மதிப்பீடு முழுக்க ஸ்கேலை அளவுகோலாக வைத்தே எழுதப்படுகிறது.

எடுத்துக்கொண்ட வகை: ஒற்றைக் கழுத்து, 10 கம்பி, ஈ9 டியூனிங், 3 பெடல், 4 முழங்கால் லீவர், ஆல்-புல் சேஞ்சர் (ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் ராடு என்னும் தண்டுகளை இழுத்தே வேலை செய்வது), சுமார் 24 அங்குல ஸ்கேல் நீளம் (ஒலிக்கும் கம்பியின் நீளம்). மாணவர் மாடல் என்ற பெயரில் கிடைப்பவற்றில் உருப்படியானது இந்த அமைப்புதான். 3 பெடல், 1 லீவர் மட்டும் உள்ளவை ஏன் போதாது என்பது போகப் போகத் தெரியும்.

முதலில் கம்பிகள். வாசிப்பவருக்கு எட்டத்தில் இருப்பது 1, மடிக்கு அருகில் இருப்பது 10. 1-லிருந்து வரிசையாக எஃப் ஷார்ப், டி ஷார்ப், ஜி ஷார்ப், ஈ, பி, ஜி ஷார்ப், எஃப் ஷார்ப், ஈ, டி, பி. சாதாரண கிட்டாரிலிருந்து வருபவர்களைத் தடுமாற வைப்பது முதல் மூன்று கம்பிகள். உச்ச சுருதி 3-வது கம்பியில் இருக்கிறது. 1-ம் 2-ம் அதைவிடத் தாழ்ந்தவை. இவ்விரண்டையும் ஈ9 டியூனிங்கில் சேர்த்தவர் பெடல் ஸ்டீல் கலைஞர் பட்டி எம்மன்ஸ். கார்டுகளுக்கு இடையே விட்டுப்போன சுரங்களை நிரப்புவதே இவற்றின் வேலை. இவை இல்லையென்றால் ஒரே ஃபிரெட்டில் ஸ்கேல் என்ற பேச்சே எழாது.

எம்மன்ஸ் அமைப்பில் இடமிருந்து வலமாக ஏ, பி, சி பெடல்கள். ஏ பெடல் 5, 10-வது கம்பிகளை முழுச் சுரம் ஏற்றும். பி பெடல் 3, 6-வது கம்பிகளை அரைச் சுரம் ஏற்றும். சி பெடல் 4, 5 இரண்டையும் முழுச் சுரம் ஏற்றும். இன்னொரு கலைஞரான ஜிம்மி டே பெயரில் வழங்கும் அமைப்பில் இந்த வரிசை தலைகீழ். எது உயர்ந்தது என்ற விவாதம் வீண். கணுக்கால் எந்தப் பக்கம் இயல்பாகச் சாய்கிறதோ அதை எடுங்கள். எடுத்த பிறகு மாற்றாதீர்கள்.

லீவர்களில் ஸ்கேலுக்கு அவசியமானவை மூன்று. 4, 8-வது கம்பிகளை ஈ-யிலிருந்து எஃப்-க்கு ஏற்றுவது ஒன்று. அதே கம்பிகளை டி ஷார்ப்புக்கு இறக்குவது இன்னொன்று. 2-வது கம்பியை டி-க்கும் பிறகு சி ஷார்ப்புக்கும் இறக்குவது மூன்றாவது. எந்த முழங்காலுக்கு எது என்பது கிட்டாருக்குக் கிட்டார் மாறும். விற்பவரிடம் கோபெடண்ட் அட்டவணையை (எந்தப் பெடலும் லீவரும் எந்தக் கம்பியை எவ்வளவு மாற்றும் என்ற பட்டியல்) கேட்டு வாங்கி, மேலே சொன்ன மூன்றும் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். நான்காவது லீவர் எதைச் செய்தாலும் இப்போதைக்குக் கவலையில்லை.

இனி சோதனை. பாரை 3-வது ஃபிரெட்டில் வைத்தால் பெடல் இல்லாத நிலையில் ஜி மேஜர். அதில் ஜி-யை ச என்று வைத்துக்கொண்டால் ஸ்கேல் இப்படி வரும்: ச 8-வது கம்பி, ரி 7, க 6, ம அதே 6-ல் பி பெடல், ப 5, த அதே 5-ல் ஏ பெடல், நி 2, மேல் ச 4. அதற்கும் மேலே ரி 1, க 3, ம 3-ல் பி பெடல். பார் இம்மிகூட நகரவில்லை. சங்கராபரணத்தின் ஏழு சுரமும் வந்துவிட்டன. கீழே போக வேண்டுமானால் 10-வது கம்பி ப, அதில் ஏ பெடல் போட்டால் த, 8-வது கம்பியை லீவரால் இறக்கினால் நி. அந்த இடத்தில் 9-வது கம்பியைத் தொட்டால் காகலிக்குப் பதில் கைசிகி நிஷாதம் விழும். ஸ்கேல் ஹரிகாம்போஜி பக்கம் திரும்பிவிடும். புதியவர்கள் "கிட்டார் சுருதி சேரவில்லை" என்று குழம்பும் இடங்களில் இது ஒன்று. கிட்டார் மீது தப்பில்லை, கம்பிதான் தவறு.

இதில் கால் வேலைதான் கவனிக்க வேண்டியது. ம-வுக்கு பி பெடலை மிதித்ததும், ப-வுக்குப் போகும்போது அதைத் தூக்கிவிடத் தோன்றும். தூக்க வேண்டாம். பி பெடல் 5-வது கம்பியைத் தொடுவதில்லை. அதை மிதித்தபடியே ப வாசித்து, கணுக்காலை இடப்பக்கம் சாய்த்து ஏ பெடலையும் சேர்த்து த வாசித்து, இரண்டையும் பிடித்துக்கொண்டே நி, ச, ரி வரை போகலாம். மேல் க-வுக்கு 3-வது கம்பி வெறுமையாக வேண்டும் என்பதால் அதற்கு முன்னால் காலை எடுத்தால் போதும். ஏறும்போது மொத்தம் மூன்று அசைவு. இதையே தூக்கித் தூக்கி மிதித்தால் வேகம் கூடக் கூடக் கால் பின்தங்கும்.

கிட்டாரின் முதல் குறையும் இங்கேதான் மாட்டும். பெடல் மிதிக்கும் விசையில் கேபினெட் லேசாக வளைகிறது. அதனால் தொடாத கம்பிகளும் கொஞ்சம் இறங்குகின்றன. கேபினெட் டிராப் என்பது இதுதான். சோதிப்பது எளிது. பாரை எடுத்துவிட்டு, 4-வது கம்பியை வெறுமையாக மீட்டி டியூனரைப் பாருங்கள். அது ஒலித்துக்கொண்டிருக்கும்போதே ஏ, பி இரண்டையும் சேர்த்து மிதியுங்கள். 2, 3 சென்ட் (அரைச் சுரத்தின் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) இறங்கினால் நல்ல கிட்டார். 5 சென்ட்டைத் தாண்டினால் சுருதி ஒலிக்க வைத்துப் பயிற்சி செய்யும்போது மேல் ச ஒவ்வொரு முறையும் உறுத்தும். 8-ஐத் தாண்டினால் வாங்காமல் விடுவதே நல்லது. டியூனிங்கால் சரிசெய்யக்கூடிய குறை அல்ல அது. இதே சோதனையை 5-வது கம்பியில் பி பெடலை மட்டும் மிதித்தும் செய்துவிடுங்கள். மேலே சொன்ன ஸ்கேலில் ப ஒலிப்பது அந்த நிலையில்தான்.

இரண்டாவது சோதனை, கம்பி பழைய இடத்துக்குத் திரும்புகிறதா என்பது. 4-வது கம்பியை டியூன் செய்துவிட்டு, எஃப்-க்கு ஏற்றி விடுங்கள், டியூனரைப் பாருங்கள். பிறகு டி ஷார்ப்புக்கு இறக்கி விடுங்கள், மறுபடி பாருங்கள். ஏற்றிவிட்டால் ஒரு மயிரிழை குறைவாகவும், இறக்கிவிட்டால் ஒரு மயிரிழை கூடுதலாகவும் வந்து நிற்பது இந்த வகையில் சகஜம். ரோலர் நட்டில் (இடது முனையில் கம்பிகள் ஏறிச் செல்லும் உருளைகள்) உள்ள உராய்வே காரணம். கம்பியை இழுக்கும்போது உருளைக்கு அப்பாலிருந்து கொஞ்சம் கம்பி இந்தப் பக்கம் வருகிறது. விட்டதும் அது முழுசாகத் திரும்பிப் போவதில்லை. உருளை சுழல்கிறதா என்று விரலால் உருட்டிப் பாருங்கள். ஒட்டிக்கொண்டிருந்தால் அச்சில் மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு போதும். அதற்குப் பிறகும் இரண்டு திசைக்கும் இடையே 4, 5 சென்ட் வித்தியாசம் இருந்தால் சேஞ்சரைப் பார்க்க வேண்டும். ஏற்றம், இறக்கம் இரண்டும் உள்ள கம்பிகளில் இறக்கத்தைத் திருப்பி இழுக்கும் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால், ஏற்றும்போது இறக்கும் பாகமும் கூடவே இழுபடும். எஃப் ஒவ்வொரு முறையும் ஒவ்வோர் இடத்தில் விழும். ஸ்பிரிங்கை இறுக்கினால் சரியாகும், ஆனால் லீவர் கனக்கும். இரண்டுக்கும் நடுவே ஓர் இடம் பிடிப்பதுதான் வேலை.

இன்னொரு சின்ன விஷயம் பலரை அலைக்கழிக்கிறது. வலது முனையில் இருக்கும் நைலான் டியூனரை (பெடல், லீவர் தரும் சுருதியைச் சரிசெய்யும் திருகு) அதிகமாக முடுக்கிவிட்டால் ராடில் தளர்வே இல்லாமல் போய்விடும். அப்புறம் பெடலை விட்டாலும் கம்பி பழைய சுருதிக்கு வராது. பெடல் மேலே இருக்கும்போது ராடு விரலுக்குக் கொஞ்சம் ஆட வேண்டும். ஆடவில்லையென்றால் நைலானைத் தளர்த்தி, கம்பியை வெறுமையாக டியூன் செய்து, மறுபடி பெடலை டியூன் செய்யுங்கள். புதிதாக வந்த கிட்டாரிலேயே இந்தக் கோளாறு இருக்கலாம். அதைச் சேஞ்சர் பழுது என்று நினைத்துத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

இரண்டாவது ஸ்கேல் ஏ, பி பெடல் நிலையில். ஜி மேஜருக்கு 10-வது ஃபிரெட். ச 6-ல் பி பெடல், ரி 5 வெறுமையாக, க 5-ல் ஏ பெடல், ம 2-வது கம்பியை லீவரால் அரைச் சுரம் இறக்கி, ப 4, த 1, நி 3 வெறுமையாக, மேல் ச 3-ல் பி பெடல். இதில் ம-தான் கிட்டாரின் தரத்தைச் சொல்லும் இடம். 2-வது கம்பியின் லீவர் டி-யைத் தாண்டி சி ஷார்ப் வரை போகும் என்பதால், நடுவில் டி-யில் முழங்காலுக்கு ஒரு தடை தட்டுப்பட வேண்டும். 9-வது கம்பியின் இறக்கமும் அதே லீவரில் இருந்தால், அதன் ராடு சரியாக டி வந்த கணத்தில் இழுக்கத் தொடங்குமாறு வைப்பது வழக்கம். அந்தக் கூடுதல் கனமே தடையாக வேலை செய்யும். மாணவர் மாடல்களில் மிக மெத்தனமாக விடப்படும் இடம் இதுதான். தடை மழுங்கலாக இருந்தால் ம ஒரு நாள் ஏறியும் ஒரு நாள் இறங்கியும் விழும். எத்தனை மாதம் பழகினாலும் முழங்காலுக்கு அந்த இடம் பிடிபடாது. வாங்கும் முன் கண்ணை மூடிக்கொண்டு பத்து முறை அழுத்தி, பத்து முறையும் டியூனர் எங்கே நிற்கிறது என்று வேறொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

3 பெடல், 1 லீவர் கிட்டாரை ஏன் ஒதுக்கச் சொல்கிறோம் என்றால் இதற்காகத்தான். அந்த ஒரு லீவர் ஈ கம்பிகளுக்குப் போய்விட்டால் இந்த ம-வுக்கு வழியில்லை. பாரை நகர்த்தி எடுக்கலாம், ஆனால் அப்போது பயிற்சி வேறாகிவிடுகிறது.

மூன்றாவதாக ஜோடி ஸ்கேல். 5, 6-வது கம்பிகளைச் சேர்த்து மீட்டி, ஜி மேஜரில் ஃபிரெட் 3, 3-ல் ஏபி (ஏ, பி பெடல் இரண்டும்), 5-ல் ஏபி, 8, 10, 10-ல் ஏபி, 13, 15 என்று போனால் ஒரு முழுச் சுற்று. கீழ்க் குரல் க-வில் தொடங்கி மேல் க-வில் முடியும். எண்களை மனப்பாடம் செய்வதைவிட, மேஜர் மூன்றாம் இடைவெளிக்கு (நான்கு அரைச் சுரம்) ஏபி, மைனருக்கு (மூன்று அரைச் சுரம்) வெறுங்கம்பி என்று பிடித்துக்கொண்டால் எந்தச் சுருதிக்கும் போகும். 3, 4-வது கம்பிகளில் இதையே எஃப் லீவரை (ஈ-யை எஃப்-க்கு ஏற்றுவது) வைத்துச் செய்யலாம்: 3, 4-ல் எஃப், 6-ல் எஃப், 8, 10, 11-ல் எஃப், 13-ல் எஃப், 15. இங்கே மேஜர் வெறுமை, மைனர் லீவர். முதல் ஜோடி கணுக்காலுக்கு, இரண்டாவது முழங்காலுக்கு. பாரும் லீவரும் ஒரே கணத்தில் போய்ச் சேர வேண்டும். பார் முந்தினால் நடுவில் ஒரு தவறான ஜோடி பளிச்சென்று கேட்கும்.

இப்படி ஜோடியாக வாசிக்கும்போது டியூனரைப் பச்சை விளக்கில் வைத்து டியூன் செய்தது போதாது என்று புரியும். ஜி ஷார்ப் கம்பிகளை 10-லிருந்து 14 சென்ட் வரை இறக்கி வைத்தால்தான் ஈ-யோடு மூன்றாம் இடைவெளி அதிராமல் நிற்கும். ஏ பெடலில் வரும் சி ஷார்ப்பும் அப்படியே. சிக்கல் தருவது எஃப் ஷார்ப். 1, 7-வது கம்பிகள் பெடல் இல்லாத நிலையில் ரி. ஏபி நிலையில் த. தூய சுருதியில் இந்த இரண்டுக்கும் 22 சென்ட் இடைவெளி. ஒரே கம்பி இரண்டு இடத்திலும் முழுசாகச் சேர முடியாது. நடுவில் வைத்துவிட்டு, மீதியைப் பாரைச் சற்றே சாய்த்துச் சரிக்கட்டுகிறார்கள். கிட்டாரின் குறையாக இதை எண்ண வேண்டாம். எந்த விலையில் வாங்கினாலும் ஈ9-ல் இது இருக்கும்.

பெடல் பயணம் பற்றி. ஏ முழுச் சுரம், பி அரைச் சுரம் என்பதால் ஏ பெடல் சற்று ஆழமாகப் போவது இயல்பு. வித்தியாசம் அதிகமானால் கணுக்கால் சாய்வு சீராக வராது. த தாமதமாக வந்து விழும். அடியில் உள்ள பெல் கிராங்கில் (பெடலின் அசைவை ராடுக்குக் கடத்தும் துண்டு) ராடை அச்சிலிருந்து தள்ளியுள்ள துளைக்கு மாற்றினால் பயணம் குறையும், மிதிக்கக் கனமாகும். உள்ளே தள்ளினால் நேரெதிர். ஒரே ஒரு துளை மட்டும் உள்ள கிராங்க் என்றால் இந்த வசதி கிடையாது. அதனால் வாங்கும்போது கிட்டாரைக் கவிழ்த்துப் பாருங்கள். கிராங்கில் எத்தனை துளை இருக்கிறது என்பது பளபளப்பான மேற்பூச்சைவிட முக்கியம்.

கூட வரும் துணைப் பொருள்களில் பாரைத்தான் முதலில் மாற்ற வேண்டியிருக்கும். 10 கம்பி ஈ9-க்கு 7/8 அங்குல விட்டம், மூன்றேகால் அங்குல நீளம் வழக்கமான அளவு. பெட்டியோடு சில சமயம் வரும் முக்கால் அங்குலப் பார் கனம் போதாமல் கம்பிமேல் குதிக்கும். தடித்த கம்பிகளில் கரகரக்கும். ஃபிரெட் கோட்டுக்கு நேர் மேலே பார் நிற்க வேண்டும், பின்னால் அல்ல. தலையைச் சாய்த்துப் பார்த்தால் கோடு தள்ளித் தெரியும். 13, 15 பக்கம் அந்தத் தள்ளலே சுருதியைக் கெடுக்கப் போதும். பாருக்குப் பின்னால் இடது கையின் மற்ற விரல்கள் கம்பிமேல் படிந்து வர வேண்டும். படியவில்லையென்றால் பாருக்கு அந்தப் பக்கத்துக் கம்பியும் முணுமுணுக்கும்.

கட்டைவிரலுக்கு ஒரு பிளாஸ்டிக் பிக், ஆள்காட்டி, நடுவிரல்களுக்கு உலோகப் பிக். ஸ்கேலில் ஒரு சுரம் ஒலிக்கும்போது முந்தைய கம்பி அடங்கியிருக்க வேண்டும். உள்ளங்கை ஓரத்தால் அடக்குவது ஒரு முறை. அடுத்து மீட்டப்போகும் பிக்கையே கம்பியில் ஊன்றி அடக்குவது இன்னொன்று. தொடக்கத்தில் உள்ளங்கையோடு போங்கள். ம-வும் த-வும் அதே கம்பியில் பெடலால் வருபவை என்பதை மறக்காதீர்கள். க-வை அடக்கி, பெடல் அடி தொட்ட பிறகு மீட்டினால் தனிச் சுரம். அடக்காமல் மிதித்தால் இழுவை. இரண்டும் வேண்டியவைதான், ஆனால் ஸ்கேல் பழகும்போது இழுவையை முற்றிலும் நிறுத்திவிடுங்கள். வால்யூம் பெடலையும் முழுசாகத் திறந்து வைத்துவிட்டுத் தொடாதீர்கள். அது மீட்டலின் முனையை மறைக்கும். அடக்காமல் விட்ட கம்பியையும் சேர்த்து மறைத்துவிடும்.

வேகம்: மெட்ரோனோம் 60, ஒரு தட்டுக்கு ஒரு சுரம், கூடவே ஜி சுருதி. முதல் ஸ்கேல் ஏறி இறங்கப் பத்து முறை, பிறகு இரண்டாவது, பிறகு ஜோடிகள். தவறு பெரும்பாலும் இறங்கும்போதுதான் வரும். த-விலிருந்து ப-வுக்கு வரும்போது ஏ பெடலை விடுவது மீட்டலுக்கு ஒரு கணம் பிந்துகிறது. அந்த இரண்டு சுரத்தை மட்டும் தனியே எடுத்து, 5-வது கம்பியில் இருபது முறை. மூன்று நாள் தொடர்ந்து பிசகில்லாமல் வந்த பிறகே 4 தட்டு கூட்டுங்கள். 3-வது ஃபிரெட்டிலேயே குடியிருக்காமல் 5, 8 என்று மாற்றுங்கள். பெடல் மாறாது, பார் பிடிக்கும் இடம்தான் மாறும்.

கம்பியில் 3-வது அடிக்கடி அறும். 0.011 அங்குலக் கம்பியை அத்தனை உயரத்துக்கு இழுத்துக் கட்டி, அதற்கு மேலும் பி பெடலால் ஏற்றினால் சேஞ்சர் விரலின் (கம்பி வளைந்து செல்லும் உலோகத் துண்டு) வளைவில் மடிந்து மடிந்து அங்கேயே தளர்கிறது. உபரியாக 3-வது கம்பி நாலைந்தும் 5-வது இரண்டும் வைத்திருங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அறுந்தால் பயிற்சியின் விளைவு. இரண்டு நாளுக்கு ஒருமுறை அறுந்தால் சேஞ்சர் விரலின் தலையில் கம்பி பதிந்து பள்ளம் விழுந்திருக்கும். அதை மெருகேற்றிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

மதிப்பீடு என்று கேட்டால், 2-வது கம்பி லீவரின் தடை கூர்மையாகவும் கேபினெட் டிராப் 4 சென்ட்டுக்குள்ளும் இருக்கும் 3 பெடல், 4 லீவர் மாணவர் மாடலைத் தயங்காமல் வாங்கலாம். மேலே உள்ள மூன்று பயிற்சிக்கும் அதைவிடப் பெரிய கிட்டார் தேவைப்படாது. மேற்பூச்சு, பிக்கப் இரண்டிலும் சிக்கனம் பிடித்திருப்பார்கள், பொறுத்துக்கொள்ளலாம். சேஞ்சரில் பிடித்திருந்தால் பொறுக்க வேண்டாம். வந்ததும் கால்களை மாட்டி உட்கார்ந்து, லீவர் தொடையைத் தொடாமல் முழங்கால் ஓரத்தில் படுகிறதா என்று பாருங்கள். தொடையில் இடித்தால் இருக்கையைத் தாழ்த்துங்கள். அதற்கு வழியில்லையென்றால் கிட்டாரின் கால்களை நீட்டி, பெடல் ராடுகளையும் அதே அளவு நீட்டிக் கட்டுங்கள்.